கர்ணனுக்காகப் பேச வந்திருக்கிறேன்

எங்கள் பக்கம் மழை பொய்த்தால் பாரதம் வைப்பார்கள். விராட பர்வம் படித்தால் மழை வரும் என்பது பாட்டன் பூட்டன் காலத்து நம்பிக்கை. மதியம் திரௌபதி அம்மன் கோயில் பந்தலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார், ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே கதையைக் கூத்து ஜமா, அதாவது கூத்தாடுகிற குழு, விடிய விடிய ஆடிக் காட்டும், பத்து நாளோ பதினெட்டு நாளோ, ஊரின் வசதியைப் பொறுத்து. மழை வந்ததா என்று கேட்டால் சில வருஷம் வந்தது, பல வருஷம் ஏமாற்றியது. அதற்காக யாரும் பிரசங்கியாரிடம் போய்ச் சண்டை போட்டதில்லை. அடுத்த சித்திரையில் மறுபடி வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, ஜமா வாத்தியாருக்குப் பாக்கு வைத்து, பந்தக்காலும் நட்டுவிடுவார்கள்.

நம்பிக்கை என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த வரி வசூல்தான். மண்டபத்தில் ஏசி போட்டு, கையைத் தூக்கச் சொல்லி, உன்னால் முடியும் உன்னால் முடியும் என்று கத்த வைக்கிற பேச்சாளர்களிடம் எனக்கு மனசு ஒட்டுவதே இல்லை. முடியாமல் போனவர்களைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பாரதம் முழுக்க முடியாமல் போனவர்கள்தான்.

நான் வளர்ந்தது குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஒரு கிராமம். பிறந்தபோது அது வடாற்காடு மாவட்டம். 1989-ல் அதைத் திருவண்ணாமலை தனி, வேலூர் தனி என்று பிரித்தார்கள், 2019-ல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் வடாற்காடு என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. இப்போது ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயந்திரம் ஊருக்குப் போய் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலரைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு.

இந்தத் தடவை தலைப்பு 'நன்றி மறவேல்'. பேச்சுப் போட்டியில் கொஞ்ச காலம் உழன்றவர்களுக்கு நான் சொல்லாமலேயே தெரியும் என்ன வரும் என்று. முதலில் 110-ஆவது குறள், 'எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்'. அப்புறம் ஔவையாரின் தென்னை மரம், காலால் குடித்த தண்ணீரைத் தலையால் தருவது. அப்புறம் கர்ணன். இந்த மூன்றும் இல்லாத நன்றிப் பேச்சை நான் இதுவரை கேட்டதில்லை. நானும் அந்த வயதில் இதையே பேசியிருக்கிறேன், குரலை எங்கே ஏற்றணும் எங்கே உடைக்கணும் என்று நோட்டில் கோடு போட்டு வைத்துக்கொண்டு.

போட்டி மேடைக் கர்ணன் ரொம்பச் சுத்தமானவன். குந்தி வந்து நீ என் மூத்த மகன், பாண்டவர் பக்கம் வா என்று கூப்பிடுகிறாள். அவன் துரியோதனன் தன்மேல் வைத்த நம்பிக்கையைச் சொல்கிறான்: நான் அவன் மனைவியோடு தனியே இருந்தபோது அவளுடைய மேகலை அறுந்து மணி சிதற, அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த துரியோதனன் சந்தேகப்படாமல் 'எடுக்கவோ கோக்கவோ' என்று கேட்டான்; அப்படிப்பட்டவனுக்குப் போர்க்களத்தில் செஞ்சோற்றுக் கடன் கழிப்பதுதான் எனக்குப் புகழும் தருமமும். வில்லிபுத்தூரார் பாட்டு இது. நல்ல இடம், கைதட்டல் நிச்சயம். ஆனால் சபையில் திரௌபதியின் துகிலை உரிக்கும்போது இதே கர்ணன் எந்தப் பக்கம் நின்றான், என்ன சொன்னான் என்பதைப் போட்டியில் யாரும் தொடுவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு அது தோதுப்படாது.

கூத்தில் அதை மறைக்க வழியில்லை. துகில் ஆடி முடிந்து சில ராத்திரி கழித்துத்தான் கர்ணன் சாகிற கர்ண மோட்சம் வரும். முன் வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற அதே பெண்கள் துகில் அன்று கர்ணன் பேசியதைக் கேட்டு வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டியவர்கள். கர்ண மோட்சத்தன்று அவர்களே அழுகிறார்கள். மறந்துவிட்டு அழவில்லை, எல்லாம் தெரிந்துதான் அழுகிறார்கள். இது எனக்குச் சின்ன வயதில் குழப்பமாக இருந்தது. ஒருத்தனைத் திட்டினால் திட்டணும், அழுதால் அழணும், இரண்டும் எப்படி?

எங்கள் அம்மாவுக்கு அண்ணன் முறையில் ஒரு மாமா. பகலில் கொத்தனார், பாரத சீசனில் ராத்திரி பொன்னுருவி. பொன்னுருவி என்றால் கர்ணனின் மனைவி, கூத்தில் அவளுக்குப் பெரிய பங்கு உண்டு. தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவனைக் கிட்டவே சேர்க்காதவள் அவள், அவன் யார் பெற்ற பிள்ளை என்று தெரிந்த பிறகு போருக்குப் போகாதே என்று மறிப்பாள். மாமாவுக்கு அப்போது நாற்பது வயசு தாண்டியிருக்கும், சிமென்ட் தின்ற விரல். மூணு மணிவாக்கில் கேஸ் லைட் காலம் போய் டியூப் லைட் வந்துவிட்ட வெளிச்சத்தில், ஆர்மோனியம் ஒரு பக்கம் முகவீணை ஒரு பக்கம் இழைய, அந்த விரலை நெஞ்சில் வைத்து 'போகாதீர் சாமி' என்று மாமா இழுக்கும்போது, அது மாமா என்பதே எனக்கு மறந்துபோகும். காலையில் அரிதாரம் பாதி கழுவியும் கழுவாமலும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூழ் குடிப்பார். காது ஓரத்தில் மட்டும் ரோஸ் பவுடர் மிச்சம் இருக்கும்.

எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தமிழ் ஐயா எழுதிக்கொடுத்தார், திருத்தினார், ல ள ழ வந்தாகணும் என்று நாக்கைப் பிடித்து வளைக்காத குறை. ஆனால் மேடையில் நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். மாமா ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "முன்னாடி ஒக்காந்துக்கினு இருக்கிற பெரிய மனுசனப் பாக்காத. கடசில ஒரு கெழவி தூங்கிக்கினு இருப்பா. அவ முழிச்சிக்கணும். அவளுக்குப் பேசு." நடுவர்கள் எப்போதும் முன்னாடிதான் உட்காருவார்கள், அதனால் போட்டிக்கு இது நல்ல யோசனையா என்று கேட்டால் சந்தேகம்தான். ஆனால் பயம் போனது அதோடுதான்.

ஒத்திகை எல்லாம் அம்மா முன்னாடி. அம்மா பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், முறத்தில் ஒரு பக்கம் நனைத்து வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். இலையை எடுப்பாள், சிட்டிகை தூளை வரிசையாய்ப் பரப்புவாள், கட்டைவிரலால் ஒரு உருட்டு, நூலைச் சுற்றி இழுத்தால் முடிச்சு விழும், நுனியை நகத்தால் மடித்து உள்ளே தள்ளுவாள். இதெல்லாம் கண்ணை மூடித் திறக்கும் நேரம். நான் எதிரில் நின்று 'நடுநிலை தவறாத நடுவர் பெருமக்களே' என்று ஆரம்பித்தால் அவள் தலை நிமிராது. கை மட்டும் பேச்சோடு சேர்ந்து போகும். நான் வேகம் எடுத்துவிட்டால் கை நின்றுவிடும், அப்போதுதான் நிமிர்ந்து பார்ப்பாள். "இன்னாத்துக்கு ஓடற, எவன் தொரத்தறான்?" கடிகாரம் வைத்துக்கொண்டு நேரம் பார்த்ததை விட அம்மாவின் கையைப் பார்த்து நேரம் பழகியதுதான் அதிகம். இன்றைக்கும் மைக் முன்னால் நின்றால் என் மனசுக்குள் அந்தக் கை ஓடுகிறது.

அவள் சுற்றும்போது கேசட்டில் வாரியார் ஓடும். கிருபானந்த வாரியார் எங்கள் மண்ணுக்காரர், காட்பாடிப் பக்கம் பாலாற்றங்கரையில் காங்கேயநல்லூர், 1906-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கே போகாமல் அப்பா மல்லையதாசரிடம் படித்துவிட்டு, அறுபது எழுபது வருஷம் ஊர் ஊராய்ப் பேசினார். 1993 நவம்பரில் லண்டனில் இருந்து திரும்பும்போது விமானத்திலேயே உயிர் போனது. கதை சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தி, முன்னால் இருக்கிற குழந்தைகளிடம் ஒரு கேள்வி கேட்பார் பாருங்கள், கேசட்டில் அந்தப் பொடிசுகளின் குரல் தூரத்தில் கேட்கும், அதற்குள் அம்மாவும் முறத்தைப் பார்த்தபடியே பதில் சொல்லியிருப்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். மூணாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் அவள்.

ஆனால் போட்டி மேடையின் மொழி வாரியாரிடமிருந்து வந்தது இல்லை. அது திராவிட இயக்கப் பேச்சாளர்கள் போட்ட பாதை. அடுக்குமொழி, எதிர்க்கேள்வி, புராணத்தையே கிண்டல் செய்கிற துணிச்சல். எங்கள் தமிழ் ஐயா அந்த வழி வந்தவர். "பாப்பா, திரௌபதி தீயில பொறந்தாங்கறத நான் நம்பல. ஆனா சபையில அவ கேட்ட கேள்வி இருக்குதே, அது சட்டசபையில கேக்க வேண்டிய கேள்வி" என்பார். தன்னையே தோற்றவனுக்கு என்னை வைத்து ஆட என்ன உரிமை என்று அவள் கேட்டதைச் சொல்கிறார். கோயில் பந்தலும் கட்சி மேடையும் எங்கள் ஊரில் ஒரே அரசமரத்தின் இரண்டு பக்கம்தான் நடக்கும், மைக் செட்டும் ஒரே ஆளுடையது. நான் சாமி கும்பிடுகிறவளா என்று கேட்டால் பாதி என்று சொல்வேன். எந்தப் பாதி என்று நாளுக்கு நாள் மாறும்.

இனி நைனா. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகள் நிறைய. எங்கள் நைனா தோல் பதனிடுகிற டேனரியில் வேலை செய்தார், சுண்ணாம்புத் தொட்டியில். தோலைச் சுண்ணாம்பில் ஊற வைத்தால் மயிர் கழன்று வரும்; கனமான ஈரத்தோலைக் கொக்கி போட்டு இழுப்பதும் புரட்டுவதும் அவர் வேலை. நகம் எல்லாம் அரித்து, விரல் நுனி வெளுத்து, ஊறிப்போன சோற்றுப்பருக்கை நிறத்தில் இருக்கும். சாம்பாரில் கை வைத்தால் எரியும் என்று ஸ்பூனில் சாப்பிடுவார், ஊரில் அந்தக் காலத்தில் ஸ்பூனில் சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான் என்று அம்மா கேலி செய்வாள்.

1991-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டேனரிக் கழிவு பாலாற்றில் விழுந்து ஆறும் நிலத்தடி நீரும் கெட்டுப்போகிறது என்று வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், நவம்பர் முடிவதற்குள் சுத்திகரிப்புக்கு வழி செய்து அனுமதி வாங்கு, இல்லாவிட்டால் மூடு. கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைச் சட்டக் கல்லூரியில் படிக்கிறவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கை வைத்துத்தான் படிக்கிறார்கள். பல டேனரிகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிச் சமாளித்தன. சின்ன இடங்கள் சிலது தாக்குப்பிடிக்கவில்லை. நைனா வேலை பார்த்த இடம் சின்னது.

அதற்குப் பிறகு நைனாவுக்கு ஒரே வேலை என்று எதுவும் நிலைக்கவில்லை. மாமாவோடு சித்தாளாகப் போனார், செங்கல் சூளைக்குப் போனார், சும்மாவும் இருந்தார். அம்மாவின் பீடிதான் வீடு. கடைக்காரர் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து இது சொத்தை அது சொத்தை என்று கழித்துத் தள்ளுகிற அன்று ராத்திரி யாரும் யாரோடும் பேச மாட்டோம்.

இந்தச் சமயத்தில் ஒரு போட்டி வந்தது. தலைப்பு 'நீரின்றி அமையாது உலகு'. வேலூரில், மாவட்ட அளவில். தமிழ் ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, பாலாற்றை விட்டுவிட்டு இந்தத் தலைப்பில் பேச முடியாது, ஆனா உனக்குக் கஷ்டம்னா வேற ஆள அனுப்பறேன் என்றார். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நோட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நைனாவே வாங்கிப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் ரொம்ப நேரம் ஆனது.

"இன்னா பாப்பா, டேனரியத் திட்டப் போறியா?"

நான் பதில் சொல்லவில்லை.

"குரோம் குரோம்னு எழுதிக்கினு இருக்குது. எல்லாரும் அத்தத்தான் சொல்றாங்க. உப்ப வுட்டுட்ட பாரு." அப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அறுத்த தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவித்தான் டேனரிக்கு வரும். முதல் வேலை அதை ஊறப் போட்டு உப்பைக் கழுவுவது. அந்த உப்புத் தண்ணீர்தான் முதலில் வெளியே போகும். தோலைப் பதப்படுத்தப் போடுகிற குரோமை மருந்து போட்டு வண்டலாக்கிப் பிரித்துவிடலாம், தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. கிணற்றில் இறங்கி, நெல் விளைந்த நிலத்தில் வெள்ளை பூத்து, தென்னை குருத்து கருகியது எல்லாம் அதனால்தான் என்றார். எந்தெந்தக் கொல்லையில் எந்தெந்தக் கிணறு என்று விரல் விட்டுச் சொன்னார். சுத்திகரிப்புப் பற்றி விவரமாகப் படித்தவர்களிடம் பிற்பாடு கேட்டிருக்கிறேன், அவர் சொன்னது சரிதான்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "முதலாளியப் பேர் சொல்லித் திட்டாத. நீ பொறந்தப்ப ராத்திரியில வண்டி குடுத்தவரு. அந்தச் சோத்தத் தின்னுதான் நீ இப்பப் பேசற. ஆனா தண்ணி கெட்டது நெஜம். அத்த மெதுவாச் சொல்லாத."

எனக்குக் கர்ணனின் கணக்கு அன்றுதான் தப்பாகத் தெரிய ஆரம்பித்தது. சோறு போட்டவனுக்காக உயிரைக் கொடுத்தான், சரி. சோறு போட்டவன் சபையில் செய்தது அநியாயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சொல்லிவிட்டுப் போய் அவனுக்காகவே செத்திருக்கலாமே. கும்பகர்ணன் அதைத்தானே செய்தான். ராவணனிடம் நீ செய்தது தப்பு, சீதையை விட்டுவிடு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பிறகு அவனுக்காகவே போனான். போட்டி மேடையில் ஏன் எல்லோரும் கர்ணனையே கட்டிக்கொண்டு அழுகிறோம், கும்பகர்ணனைத் தூங்குமூஞ்சி என்று தள்ளிவிட்டோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒன்பது பத்து வயசுப் பிள்ளைக்கு நன்றி என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று பதிந்துவிட்டால், வேலை செய்கிற இடத்திலும், வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் அது அப்படியே மூடிக்கொண்டுதான் இருக்கும். நிறையப் பெண்களை அப்படிப் பார்த்துவிட்டேன்.

போட்டியில் ஆறுதல் பரிசு. ஒரு சோப்பு டப்பா, உள்ளே சோப்பு இல்லை. ஆனால் கீழே இறங்கியதும் ஒரு நடுவர் கூப்பிட்டு, அந்த உப்பு விஷயம் எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டார். எங்கள் நைனா சொன்னார் சார், டேனரியில் இருந்தவர் என்றேன். அவர் பேனாவை எடுத்துக் கையில் இருந்த தாளின் மூலையில் ஏதோ குறித்துக்கொண்டார். நைனாவிடம் இதைச் சொன்னேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேட்டாரா?" என்றார். மறுநாளும் ஒரு தடவை கேட்டார், "எந்தப் புத்தகம்னா கேட்டாரு?"

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டைத் தாங்கியது காசில்லை, காசு இல்லவே இல்லை. கூட்டிப்போக இடம் இருந்தது. வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் இருந்து அம்மன் தலை மட்டும் புறப்பட்டு, பூவும் மாலையுமாய், தேங்காய் உடைகிற சத்தத்தில் தெருவே அதிர, கோபாலபுரம் கோயிலுக்கு வந்து சண்டாளச்சி உடம்பில் சேரும். ரேணுகை கதை அது. புருஷன் சொல்லைக் கேட்டு மகன் பரசுராமன் அம்மாவின் தலையை வெட்ட, பிறகு அவனே வரம் கேட்டு உயிரை வாங்க, அவசரத்தில் தலை ஒருத்தியுடையது உடம்பு இன்னொருத்தியுடையது என்று ஆகிவிடுகிறது. தமிழ் ஐயா இதில் சாதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், பேச வேண்டிய விஷயமும்தான். அம்மா பார்ப்பது வேறு. கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பித் தலை போய்ச் சேரும்வரை பார்ப்பாள், சேர்ந்ததும் "ஒட்டிக்கிச்சி" என்பாள். ஒவ்வொரு வருஷமும் ஒட்டாமல் போய்விடுமோ என்று பயந்தவள் மாதிரி.

வேலூர்க் கோட்டைக்கும் இலவசமாகப் போகலாம். போட்டிக்கு வேலூர் போகிற அன்றெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் போய்விடுவேன். நுழைந்ததும் இடதுபக்கம் கல்யாண மண்டபம், குதிரைகளும் யாளிகளும் தூணில் இருந்து வெளியே பாய்கிற மாதிரி. எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரை நடுவில் ஒரு தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும். இந்தக் கோயிலில் பல தலைமுறையாக மூலவரே கிடையாது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது, 1981 மார்ச்சில்தான் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க, பூசை இல்லை, மணி இல்லை, வெள்ளைக்காரன் பட்டாளம் கோட்டைக்குள் இருந்தது, 1806-ல் சிப்பாய்கள் கிளம்பி ரத்தம் ஓடியது, அந்தக் கிளிகள் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. யார் செதுக்கியது என்று பேர் இல்லை. சம்பளத்துக்குச் செதுக்கியவன்தான், ஆனால் கழுத்தை வலிக்க வலிக்கத் தூக்கிப் பார்க்கிறவனுக்காக மூக்கு நுனி வரை பார்த்துச் செய்திருக்கிறான். அவனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பாரதத்தின் கடைசி நாளைச் சொல்லாமல் விட்டால் மாமா கோபிப்பார். படுகளம். திடலில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைப்பார்கள், ஒரு வீட்டு நீளத்துக்கு இருப்பான். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடி, தொடையில் அடி விழுந்து, திரௌபதி கூந்தலை முடிந்ததும் கதை முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். முடியாது. அதன்பிறகு அந்த மண்துரியோதனனுக்கு ஒப்பாரி உண்டு. பதினெட்டு நாளும் எவனைச் சபித்தார்களோ அவனுக்கு. வில்லனுக்கு மாரடித்து அழுதுவிட்டுத்தான் சாயந்திரம் தீமிதி. போகும்போது அவன் உடம்பு மண்ணை ஒரு பிடி மடியில் கட்டிக்கொண்டு போய் நெல் குதிரில் போடுவார்கள், விளைச்சல் பெருகும் என்று. நான் குழம்பிக்கொண்டிருந்த அந்தக் கேள்விக்கு, திட்டுவதா அழுவதா என்பதற்கு, ஊர் எப்போதோ முடிவு கட்டி வைத்துவிட்டது என்று வளர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு, அழ வேண்டியதை அழுதுவிட்டு, மண்ணை வீட்டுக்குக் கொண்டுவருவது. நைனாவும் அந்தப் பந்தலில் வளர்ந்தவர்தானே. எங்கிருந்து அவருக்கு அந்தப் பேச்சு வந்தது என்று எனக்கு இப்போது ஆச்சரியமாக இல்லை.

இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளில் ஒருத்தி எட்டாம் வகுப்பு. அவள் அம்மா ஷூ கம்பெனிக்குத்தான் வேன் ஏறுகிறாள். போன சனிக்கிழமை குறள், தென்னை மரம், கர்ணன் எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், கர்ணன் எல்லாருக்கும் கடன அடச்சான். பொன்னுருவிக்கு?" மாமாவின் கூத்தை அவள் பார்த்ததில்லை, மாமா ஆடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, வேறு ஜமா ஆடியதைப் பார்த்திருக்கிறாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதையே பேசு என்றேன். எழுதிக்கொண்டு வந்தாள், நன்றாக இருந்தது, ஒரு இடத்தில் 'வீட்டில் சோறு போட்டவளுக்குச் செஞ்சோற்றுக் கடன் கிடையாதா' என்று கேட்டிருந்தாள். மாமாவிடம் ஃபோனில் படித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளய சத்தமாப் பேசச் சொல்லு" என்றார்.

சிக்கல் நேரம்தான். பொன்னுருவி உள்ளே வந்ததும் பேச்சு 5 நிமிடத்தைத் தாண்டி 40 விநாடி ஓடுகிறது, எச்சரிக்கை மணிக்கு அப்புறம் இறுதி மணியும் அடித்துவிடுவார்கள், மார்க் போய்விடும். தென்னை மரத்தை எடுத்துவிடு என்று சொன்னேன். முடியாதாம். தென்னை மரம் நடுவருக்காம், பொன்னுருவி தனக்காம். அதனால் குந்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.